இரண்டு பனியனுக்குப் பத்து இலக்கம்

இரண்டு பனியன் வாங்கப் போனேன். 340 ரூபாய். பணத்தை நீட்டினால், பில் போடும் பெண் பணத்தைப் பார்க்கவே இல்லை.

"நம்பர் சொல்லுங்க சார்."

"பனியனுக்கு எதுக்கும்மா போன் நம்பர்?"

"பாயின்ட்ஸ் ஏறும் சார்."

"எனக்குப் பாயின்ட்ஸ் வேண்டாம்."

"நம்பர் போடாம பில் வராது சார். அடுத்த பக்கமே போகாது."

எனக்குப் பின்னால் ஆறு பேர். அதில் ஒருவர், கையில் குழந்தையும் கட்டைப்பையுமாக, "நம்பர்தானே சார், சொல்லிட்டு நகருங்க, என்ன ராணுவ ரகசியமா" என்றார். கடைக்காரனைவிட இவர்மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. ராணுவ ரகசியம் இல்லைதான். ஆனால் அந்தப் பத்து இலக்கத்தில்தான் என் வங்கிக் கணக்கு இருக்கிறது, ஆதார் இருக்கிறது, கேஸ் சிலிண்டர், ரேஷன் கார்டு, பிஎஃப் எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கின்றன. முன்பெல்லாம் டெலிபோன் டைரக்டரியில் பெயர், முகவரியோடு ஊரார் எண் முழுவதும் அச்சாகி வந்ததே, அப்போது யாரும் கத்தவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். அந்த நம்பரை வைத்துக்கொண்டு யாரும் என் கணக்கைத் துடைத்துவிட முடியாது. கூப்பிட்டால் வீட்டில் யாராவது எடுப்பார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணிடம் எனக்குச் சண்டை இல்லை. மெதுவாகக் கேட்டபோது அவரே சொன்னார்: "நூறு பில்லுல தொண்ணூறுக்காவது நம்பர் இருக்கணும் சார், இல்லாட்டி சாயங்காலம் திட்டு விழும்." கடையில் வேலை செய்பவர்கள் உட்காருவதற்கு நாற்காலி போட வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021-இல் ஒரு சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. அப்படி நிற்கவைத்து வேலை வாங்கும் ஆட்கள், என்னோடு மல்லுக்கட்டும் வேலையையும் சேர்த்து அவர் தலையில் கட்டிவிட்டு ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சூப்பர்வைசர் வந்தார். அவரிடம் எனக்குத் தெரிந்த சட்டத்தை எல்லாம் எடுத்துவிட்டேன். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் துறையே, போன் நம்பர் தந்தால்தான் பில் என்று அடம்பிடிக்கக் கூடாது என்று சில்லறை வணிகச் சங்கங்களுக்கு எழுதியிருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லியிருக்கிறார்கள். சூப்பர்வைசர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம், "அதெல்லாம் சரி சார், சாஃப்ட்வேர் ஒத்துக்காதே" என்றார். ஒன்பது நீதிபதிகள் ஒத்துக்கொண்டதை ஒரு சாஃப்ட்வேர் ஒத்துக்கொள்ளவில்லை!

திரையில் நம்பர் போடும் கட்டத்துக்கு நட்சத்திரக் குறி போட்டு, அது நிரம்பாமல் நகரவிடாதே என்று யாரோ ஒரு மனிதன்தானே எழுதிக்கொடுத்தான்? அதை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் கடையில் யாரைக் கேட்டாலும், மழை பெய்கிறது என்பதைப்போல, "சிஸ்டம் அப்படி" என்கிறார்கள்.

எங்கள் தெரு அண்ணாச்சி கடையிலும் ஒரு நோட்டு உண்டு. அதில் பெயர் ஏற வேண்டுமென்றால் கடன் சொல்ல வேண்டும். ரொக்கம் கொடுத்தவன் பெயரை அண்ணாச்சி என்றைக்கும் எழுதியதில்லை. கடனாளிக்கு இருந்த சட்டம் இப்போது காசு கொடுப்பவனுக்கும் வந்துவிட்டது. நந்தனம் புத்தகக் காட்சியில் பாதிக் கடைகளில் இன்னமும் கார்பன் தாள் வைத்துத்தான் பில் எழுதுகிறார்கள். பத்து சதவீதம் கழித்து, மீதிச் சில்லறை இல்லையென்றால் ஒரு புக்மார்க்கைத் திணித்து அனுப்பிவிடுவார்கள். யார் என்ன படிக்கிறான் என்று எங்கும் ஏறாது. ஒரு புத்தகத்தை ஒரு பெரிய கடையில் வாங்கினேன், அடுத்த வாரமே "நீங்கள் விரும்பக்கூடிய நூல்கள்" என்று வரிசையாக வர ஆரம்பித்துவிட்டது. நண்பரின் மகளுக்காக வாங்கிய ஒரே ஒரு கர்ப்பகாலக் கையேடு. ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு டயப்பர் தள்ளுபடி வந்துகொண்டிருக்கிறது.

1909-க்குச் சொல்லி விளம்பர அழைப்புகளைத் தடுத்துவிடலாமே என்பீர்கள். தடுத்துத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் நீங்களே சம்மதித்துக் கொடுத்த நிறுவனத்திடம் அந்தத் தடை பலிக்காது. கவுண்டரில் அவசரத்தில் சொன்ன நம்பரைச் சம்மதம் என்று அவர்கள் எழுதிக்கொண்டால் நான் எங்கே போய் நிரூபிப்பது? விளம்பர அழைப்புக்கென்று 140-இல் தொடங்கும் எண்கள் இருக்கின்றன, எனக்கு வருவதோ பாதிக்கு மேல் சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து.

அரசியல்வாதிகள் மட்டும் சும்மாவா இருக்கிறார்கள்? தேர்தல் நேரத்தில் காலை ஏழு மணிக்குப் போன் அடிக்கிறது. எடுத்தால் பதிவுசெய்த குரல், "அன்பு வாக்காளப் பெருமக்களே". அதுகூடப் பரவாயில்லை, வாட்ஸ்அப்பில் வந்த ஒன்று என் பெயரை இனிஷியலோடு சொல்லி வணக்கம் வைத்தது. வாக்காளர் பட்டியலில் அச்சாவது பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம். போன் நம்பர் கிடையாது. அப்படியானால் என் பெயரையும் நம்பரையும் தொகுதியையும் எந்தக் கல்லாவிலிருந்து எடுத்து ஒன்றாகத் தைத்தார்கள்?

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்றால், அந்தக் கதை இன்னும் எரிச்சல். 2023 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டம். அதிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது: தொலைவிலிருந்தே மருத்துவரைப் பார்க்க உதவும் செயலி உங்கள் தொடர்புப் பட்டியலைக் கேட்டு, நீங்களும் சரி என்று தட்டிவிட்டாலும், வைத்தியத்துக்கு அது தேவையில்லை என்பதால் அந்தச் சம்மதம் செல்லாது. என் பனியனுக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் விதிகள் வந்ததே 2025 நவம்பரில்தான். வந்தபோதும், நமக்குப் பயன்படும் பிரிவுகள் எல்லாம் பதினெட்டு மாதம் கழித்து. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனிப்பட்ட தகவல் என்று சொல்லி அரசு மறுப்பதை எளிதாக்கும் திருத்தம் மட்டும் உடனே அமலுக்கு வந்துவிட்டது. எதற்கு அவசரம், எதற்கு அவகாசம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் அந்தப் பெண்ணே வழிகண்டார். ஏதோ பத்து எண்ணைத் தட்டினார், பில் வந்துவிட்டது. யார் நம்பரம்மா என்றேன். "தெரியல சார், கைக்கு வந்தத அடிச்சேன்." எவரோ ஒருவருக்கு என் பனியன் பாயின்ட்ஸ் ஏறியிருக்கிறது. ஜெயித்துவிட்ட நினைப்பில் படியிறங்கினேன்.

பாதி வழியில்தான் உறைத்தது. நானும் அப்படி ஒரு எவரோதான். ஏழெட்டு மாதமாக, நான் கால் வைத்தே இராத ஓர் ஊரின் மருந்துக்கடையிலிருந்து எனக்கு மாதாமாதம் பில் வருகிறது. அதிலுள்ள லிங்க்கைத் தட்டினால் மாத்திரைப் பெயர் வரிசையாக விரிகிறது. யாரோ ஒரு புண்ணியவானுக்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, பங்குனி மாதத்திலிருந்து தூக்க மாத்திரையும் சேர்ந்திருக்கிறது. அவர் பெயர் எனக்குத் தெரியாது, அவர் தூங்குவதில்லை என்பது தெரியும்.

அன்றைக்கு இருந்த சூட்டில் அந்த மருந்துக்கடைக்கே போன் போட்டேன். நடந்ததைச் சொல்லி, என் நம்பரை எடுத்துவிடுங்கள் என்றேன். எதிர்முனையில் இருந்த பையன் நல்ல பையன். "எடுக்கிற ஆப்ஷன் இல்ல சார், திருத்தத்தான் முடியும். உங்க பேரு சொல்லுங்க" என்றான். நம்பர் யாருடையது என்று சரிபார்க்கத்தான் கேட்கிறான் என்று நினைத்துச் சொல்லித் தொலைத்தேன்.

இப்போது அவருடைய மாத்திரை பில் என் பெயரில் வருகிறது. போன வாரம் ஒரு பெண் கூப்பிட்டு, என் பெயரைச் சொல்லி, சர்க்கரை உள்ளவர்களுக்கென்றே ஒரு காப்பீட்டுத் திட்டம் வந்திருக்கிறது, சேர்கிறீர்களா சார் என்று கேட்டார்.