ஊர் சுற்றிய சாமியார்கள் கட்டிய ஆஸ்பத்திரி

கேதார்நாத் நடை திறக்கும் சமயம் வந்தால் முகநூலில் ஒரு சண்டை தவறாமல் வரும். காவி கட்டிய கூட்டம் ஒன்று மலையேறுகிற படத்தை யாராவது போடுவார்கள். கீழே ஒருவர், "இப்படி ஊர் சுற்றுகிற நேரத்தில் நாலு பேருக்கு உபயோகமாக எதையாவது செய்யலாமே" என்று ஆரம்பிப்பார். கொஞ்ச நாள் கழித்து ஏதாவது ஒரு மடம் மருத்துவ முகாம் நடத்திய செய்தி வரும். அங்கே வேறொருவர், "இதெல்லாம் மிஷனரிகளைப் பார்த்துப் போட்ட காப்பி. சந்நியாசிக்குத் தவமும் யாத்திரையும் போதும்" என்பார். இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்காது. ஆனால் யாத்திரை ஒரு பக்கம், ஊழியம் இன்னொரு பக்கம் என்று கோடு போடுவதில் மட்டும் ஒற்றுமை.

ராமகிருஷ்ண மடத்தின் ஆரம்ப வருடங்களைப் படிக்கப் படிக்க எனக்கு அந்தக் கோடு கண்ணில் படவே இல்லை. அந்த இளைஞர்கள் நடந்து திரிந்தார்கள், அதனால்தான் பிற்பாடு ஆஸ்பத்திரி கட்டினார்கள் என்பது என் கட்சி. முக்கியமாக, கையில் காசில்லாமல் நடந்ததால்.

1886 ஆகஸ்டில் ராமகிருஷ்ணர் மறைந்தபோது அவருடைய சீடர்களில் பலர் இருபதுகளில் இருந்த பையன்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் பராநகரில் ஒரு பாழடைந்த வீட்டில் கூடி வாழ்ந்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். பிச்சையெடுத்துச் சாப்பிடுவது, கிடைத்த இடத்தில் படுப்பது, எந்த ஊரிலும் வேர்விடாமல் நகர்ந்துகொண்டே இருப்பது என்பது பழைய பரிவிராஜக மரபு. அவர்கள் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. ஊழியம் செய்யும் உத்தேசத்தோடும் கிளம்பவில்லை. சொந்த முக்திக்காகத்தான் போனார்கள்.

1890இல் அந்தச் சீடர்களில் இருவர், விவேகானந்தரும் அகண்டானந்தரும், இமயமலைப் பக்கம் நடந்து போனார்கள். அல்மோராவை நெருங்கும்போது விவேகானந்தர் பசியில் சுருண்டு விழுந்துவிட்டார். அகண்டானந்தர் தண்ணீர் தேடிப் போயிருக்கிறார். எதிரே முஸ்லிம் இடுகாடு. அதைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கிரி ஒருவர் கையில் ஒரு வெள்ளரிக்காய்தான் இருந்தது. "வாயில் ஊட்டிவிடுங்கள்" என்று விவேகானந்தர் கேட்க, "நான் முஸ்லிம் ஆயிற்றே" என்று அவர் தயங்கினார். "அதனால் என்ன, நாம் சகோதரர்கள்தானே" என்று சொல்லி இவர் சாப்பிட்டார். ஏழு வருடம் கழித்து, உலகப் புகழோடு அல்மோராவுக்கு வந்தபோது, கூட்டத்தில் அந்த மனிதரை அடையாளம் கண்டு கூப்பிட்டு, தன் உயிரைக் காப்பாற்றியவர் இவர்தான் என்று எல்லோரிடமும் சொன்னாராம்.

அதே யாத்திரையில் ரிஷிகேசத்தில் விவேகானந்தருக்குக் கடும் காய்ச்சல். நாடி விழுந்துவிட்டது, கூட இருந்தவர்கள் கதை முடிந்தது என்றே நினைத்து அழுதார்கள். வைத்தியர் கிடையாது, மருந்து கிடையாது. எங்கிருந்தோ வந்த ஒரு சாது தேனில் குழைத்துக் கொடுத்த பொடிதான் சிகிச்சை. பிழைத்தார். பிழைக்காத சாதுக்கள் அங்கே எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

பத்து வருடம் கழித்து, அமெரிக்கா, இங்கிலாந்தெல்லாம் போய்வந்த அதே விவேகானந்தர், கல்யாணானந்தர் என்ற இளம் சீடரை ஹரித்வார் பக்கம் அனுப்புகிறார். அங்கே நோய்ப்பட்டுக் கிடக்கும் சாதுக்களைப் பார்த்துக்கொள் என்பதுதான் வேலை. 1901இல் கன்கலில் இரண்டு வாடகை அறை, கொஞ்சம் மருந்து. இதை லண்டனில் எதையோ பார்த்துச் செய்தார் என்று சொல்ல என்ன அவசியம்? ரிஷிகேசத்தில் தானே நோயாளியாகக் கிடந்து பார்த்தவர் அவர்.

1903இல் நிச்சயானந்தர் வந்து சேர்ந்தார். மராட்டியர், முன்னாள் ராணுவச் சிப்பாய். மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு கன்கலிலிருந்து ரிஷிகேசத்துக்கு நடப்பார். ஒரு வழிக்கே இருபது கிலோமீட்டருக்கு மேல். குடிசை குடிசையாகப் போய்ப் படுத்த படுக்கையாக இருக்கும் சாதுக்களுக்கு மருந்தும் கஞ்சியும் கொடுத்துவிட்டுத் திரும்ப நடப்பார். சந்நியாசிகள் தலம் தலமாக நடக்கிற அதே பாதை. அதிலேயே ஒருவர் தினசரி வேலைக்கும் நடந்திருக்கிறார்.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? நோயாளிகளின் மலஜலத்தைத் தங்கள் கையால் எடுத்தார்கள் என்பதற்காக 'தோட்டி சாமியார்கள்' என்று பெயர் வைத்தது. வைத்தது வேறு யாருமில்லை, மற்ற சாதுக்களே. சாதி எல்லாம் விட்டுவிட்டோம் என்று சொல்லிக் காவி கட்டியவர்களுக்கு ஒருவரை மட்டம் தட்ட ஒரு சாதிப் பெயர்தான் கிடைத்தது. சாதுக்களுக்கு விருந்து போடும் பண்டாராக்களில் இவர்களைச் சேர்க்கவில்லை. கடைசியில் ரிஷிகேசத்துக் கைலாச ஆசிரமத்தின் தலைவர் தனராஜ் கிரி, வேதாந்தத்தில் பெரிய பண்டிதர், ஆசாரவாதிகளே மதிக்கிற மனிதர், இவர்களை வரவழைத்து மரியாதை செய்தபிறகுதான் மற்றவர்கள் வாய் அடங்கியது. "மடம் எதற்கு ஆஸ்பத்திரி நடத்துகிறது" என்று இன்று கேட்பவர்கள் இந்தக் கதையைப் படித்துவிட்டு, தாங்கள் அன்றைய பண்டாராவில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்போம் என்று யோசித்துப் பார்க்கலாம்.

எனக்கு இவர்கள் எல்லோரையும்விடப் பிடித்தவர் அகண்டானந்தர்தான். மனிதர் சரியான ஊர் சுற்றி. கேதாரம், பத்ரி முடித்து, திபெத்துக்குள் போனவர். உளவாளி என்று சந்தேகப்பட்டு அலைக்கழித்தார்கள். ராஜஸ்தான், குஜராத் எல்லாம் சுற்றினார். வழியில் கொள்ளையர்களிடம் அடிபட்டார். ஜாம்நகரில் ஜண்டு பட் என்ற வைத்தியர் வீட்டில் தங்கினார். ஏழைகளுக்குக் கொடுத்துக் கொடுத்தே தானும் கடனாளியாக இருந்த வைத்தியர் அவர். (ஆமாம், நம் வீட்டு அலமாரியில் இருக்கும் ஜண்டு பாம் அவர் பெயரில் வந்த கம்பெனியின் சரக்குதான்.) அப்புறம் கேத்ரி சமஸ்தானத்தில் குடியானவர்கள் கிடக்கும் நிலையைப் பார்த்து, என்ன செய்யலாம் என்று அமெரிக்காவில் இருந்த விவேகானந்தருக்கு எழுதினார். பதில் 1894இல் வந்தது. ராஜா வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு "ராமகிருஷ்ணா, பிரபு" என்று சொல்லிக்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகாது, வீடு வீடாகப் போய்ப் பாடம் சொல்லிக்கொடு என்று நல்ல சூடு. தாயைத் தெய்வமாகக் கொள், தந்தையைத் தெய்வமாகக் கொள் என்ற உபநிஷத வாக்கியத்தோடு, ஏழையையும் எழுத்தறியாதவனையும் தெய்வமாகக் கொள் என்று தன் பங்குக்குச் சேர்த்திருந்தார்.

1897இல் அகண்டானந்தர் கங்கைக் கரையோரமாக வங்காளத்தில் நடந்து போகிறார். நவத்வீபம், பிளாசி, அப்படியே வடக்கே. முர்ஷிதாபாத் மாவட்டத்தில் தாத்பூர் என்ற ஊரில் ஒரு முஸ்லிம் சிறுமி தெருவில் நின்று அழுதுகொண்டிருக்கிறாள். தண்ணீர்க் குடம் கைதவறி உடைந்துவிட்டது. வீட்டில் வேறு குடம் இல்லை, அம்மா அடிப்பாள் என்கிறாள். இவர் கையிலிருந்த சொற்பக் காசில் ஒரு குடமும் கொஞ்சம் அவலும் வாங்கிக் கொடுத்தார். அடுத்த நிமிடம் பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் சூழ்ந்துகொண்டு பசி பசி என்று கை நீட்டுகின்றன. அந்த வட்டாரம் முழுக்கப் பஞ்சம் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிகிறது.

மேலே போகத்தான் பார்த்தார். முடியவில்லை. மஹுலா என்ற கிராமத்தில் உட்கார்ந்துகொண்டு மடத்துக்குக் கடிதம் எழுதினார். விவேகானந்தர் இரண்டு பேரையும் 150 ரூபாயையும் அனுப்பினார். 1897 மே 15 அன்று அரிசி கொடுக்க ஆரம்பித்தார்கள். மே 1 அன்றுதான் ராமகிருஷ்ண மிஷன் என்ற சங்கமே தொடங்கியிருந்தது. ஆக, மிஷனின் முதல் நிவாரண வேலை எந்தக் கமிட்டியும் தீர்மானம் போட்டு ஆரம்பித்ததில்லை. அவர் ரயிலில் போயிருந்தால் அந்தக் குடம் உடைந்த சத்தம் கேட்டிருக்காது.

பஞ்சம் தணிந்தது. அவர் மட்டும் கிளம்பவில்லை. அனாதைக் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டார். நெசவு, தச்சு எல்லாம் சொல்லிக்கொடுத்தார். ஆசிரமம் பிறகு பக்கத்தில் சார்காச்சிக்கு மாறியது. 1934இல் மடத்தின் மூன்றாவது தலைவரானார். அப்போதும் அவருக்கு ஊர் சார்காச்சிதான். 1937இல் காலமானார். திபெத் வரை சுற்றிய கால், ஒரு கிராமத்தில் கிட்டத்தட்ட நாற்பது வருடம் நின்றது.

காசியிலும் இதே கதைதான். 1900இல் தெருவோரம் சாகக் கிடந்த ஒரு கிழவியைப் பார்த்த இளைஞர்கள் நாலணா பிச்சை வாங்கி ஆரம்பித்த வேலை, இன்று லக்ஸா பகுதியில் மிஷன் நடத்தும் பெரிய ஆஸ்பத்திரி. முக்தி கிடைக்கும் என்று காசிக்கு வந்தவர்கள் சாகும்வரை எங்கே படுப்பார்கள் என்பதை அதுவரை நிறையப் பேர் தங்கள் பிரச்சினையாக நினைக்கவில்லை.

சரி, என் கட்சிக்கு ஒத்துவராத ஒருவரையும் சொல்லிவிட வேண்டும். மற்றவர்கள் எல்லாம் கிளம்பிப் போனபோது பராநகரிலேயே உட்கார்ந்து குருவின் பூஜையை ஒருநாள்கூட விடாமல் செய்தவர் சசி என்ற ராமகிருஷ்ணானந்தர். இமயமலை, திபெத், எதுவும் இல்லை. 1897இல் சென்னைக்கு அனுப்பினார்கள், வந்தார், கடைசிவரை தென்னாட்டிலேயே உழைத்தார். மயிலாப்பூர் மாணவர் இல்லம் 1905இல் அவர் முயற்சியில் ஆரம்பித்ததுதான். நடக்காதவருக்கும் மனம் இளகும் என்பதற்கு அவர் போதும். ஆனால் அந்த இல்லத்துக்கு வித்து, கோயம்புத்தூர் போன இடத்தில் பெரியவர்கள் எல்லோரும் நோயில் செத்து, குழந்தைகள் மட்டும் மிஞ்சிய ஒரு குடும்பத்தை அவர் பார்த்தது என்கிறார்கள். அதை யாத்திரைக் கணக்கில் சேர்க்க நான் ஆசைப்படுகிறேன். நீங்கள் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் இன்னொரு பங்கும் உண்டு. 1897 ஜனவரியில் பாம்பனில் வந்து இறங்கிய விவேகானந்தர், ராமேசுவரம் கோவிலிலேயே நின்றுகொண்டு, ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பவன்தான் உண்மையில் சிவனை வழிபடுகிறான், விக்கிரகத்தில் மட்டும் காண்பவனின் வழிபாடு ஆரம்ப நிலைதான் என்று பேசினார். இந்தியாவின் பெரிய தீர்த்த ஸ்தலம் ஒன்றில், அங்கே வந்த யாத்திரிகர்கள் நடுவில்! மஹுலாவுக்கு நாலு மாதம் முந்தைய பேச்சு இது. மறுநாள் ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி ஆயிரக்கணக்கான ஏழைகளுக்குச் சோறும் துணியும் கொடுத்தார்.

இதைக் கேட்டு நாம் ஆச்சரியப்படவும் வேண்டியதில்லை. அப்பரும் சம்பந்தரும் தலம் தலமாகப் போய்க்கொண்டிருந்தவர்கள்தானே? திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது பதிகம் பாடிவிட்டு அடுத்த ஊருக்கு நடையைக் கட்டவில்லை. அங்கேயே தங்கி, சுவாமியிடம் தினமும் ஆளுக்கு ஒரு காசு வாங்கி, ஊருக்குச் சோறு போட்டார்கள். சம்பந்தருக்குக் கிடைத்த காசுக்குக் கடைக்காரர்கள் வட்டம், அதாவது கழிவு, கேட்டதால் சாமான் வந்து சேர நேரமாகி, அவர் மடத்தில் மட்டும் சாப்பாடு தாமதம். அதற்கும் ஒரு பதிகம் பாடிச் சரிக்கட்டினார். நிவாரண முகாம் நடத்தி அனுபவப்பட்டவர்களுக்கு இந்தத் தலைவலி நன்றாகப் புரியும்.

ராமகிருஷ்ண மடத்துக்குள்ளேயும் எதிர்ப்பு இருந்தது. 1897இல் மிஷன் ஆரம்பித்த கூட்டம் முடிந்த கையோடு சக சீடர் யோகானந்தர், இதெல்லாம் மேல்நாட்டு வழி, குரு இப்படியா சொன்னார் என்று கேட்டார். விவேகானந்தர் கோபப்பட்டு, அழுது, அவரைச் சம்மதிக்கவைத்தார். முகநூல் பின்னூட்டத்தில் கேட்கிற கேள்வி அன்றே கூடப் பிறந்தவர்போல் பழகியவரிடமிருந்து வந்திருக்கிறது. அதனால் கேள்வி தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பதிலைத் தேட வேண்டிய இடம்தான் வேறு என்கிறேன்.

இப்போது யாத்திரை எப்படி இருக்கிறது? சென்னையில் ரயிலேறினால் கூடவே சமையல்காரர் வருகிறார். காசியில் காலை இட்லி, கயையில் மதியம் வத்தக்குழம்பு. கேதாருக்கு ஹெலிகாப்டர். நானும் அந்த மாதிரி டூரில் போயிருக்கிறேன். முட்டி வலிக்கிற அம்மாவைக் கூட்டிக்கொண்டு யார் நடந்து போவது? வசதியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அந்தப் பயணத்தில் உள்ளூர்க்காரர் ஒருவருடைய தயவும் நமக்குத் தேவைப்படவில்லை. வெள்ளரிக்காய் கொடுக்கிற மனிதரும் அழுகிற சிறுமியும் ஜன்னலுக்கு வெளியே போய்விடுகிறார்கள். கிருஹஸ்தர்களை விடுங்கள், சாமியார்களே இன்று கார் வரிசையோடு வருகிறார்கள். அவர்கள் வருவதற்குமுன் சாலையைக் கழுவிக் கோலம் போட்டு, அங்கே படுத்திருந்தவர்களை அப்புறப்படுத்திவிடுகிறோம். பிறகு அவர்கள் கண்ணில் என்னதான் படும்?

இதற்காக எல்லோரும் செருப்பில்லாமல் பத்ரிக்கு நடக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மஹுலாவில் அகண்டானந்தர் மட்டும் இருந்து, கல்கத்தாவில் கடிதத்தைப் படித்துப் பணம் அனுப்ப ஒரு மடம் இல்லாமல் போயிருந்தால், அவரும் நாலு குழந்தைகளுக்கு அவல் வாங்கிக் கொடுத்ததோடு நின்றிருப்பார். கணக்கு எழுதுகிற ஆள், ரசீது போடுகிற ஆள் எல்லாம் வேண்டும். ஆனால் ரசீது போடுகிறவர் மட்டுமே இருக்கிற மடத்தில் அப்படி ஒரு கடிதம் எங்கிருந்து வரும்?

ஹரித்வார் போகிற நம்மூர் டூர் வண்டிகள் கன்கலுக்கு எப்படியும் போகும், தக்கன் வேள்வி நடந்த இடம் என்று சொல்லும் தட்சேஸ்வர மகாதேவர் கோவிலுக்காக. அந்த இரண்டு வாடகை அறைகள் பெரிய ஆஸ்பத்திரியாகி அதே ஊரில்தான் இன்றும் நடக்கிறது, கும்பமேளா சமயத்தில் யாத்திரிகர்களுக்குச் சிகிச்சையும் செய்கிறது. டூர் நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், கோவில் தரிசனம் முடிந்தபின் கங்கைக்கரைக் கடைவீதிக்குக் கொடுக்கிற நேரத்தில் ஒரு அரைமணியை அங்கே ஒதுக்குங்கள். வண்டியில் வருகிறவர்கள் முனகுவார்கள். முனகட்டும்.