வௌவால் சோதனை: பாதிதான் சொல்லியிருக்கிறீர்கள்

"2018 நிபா வைரஸ் பரவலில் வௌவால் சோதனை நெகட்டிவ், வௌவாலிலிருந்து வந்தது என்று கேரள அரசு கதை கட்டியது" என்று நீங்கள் அனுப்பும் ஃபார்வர்டு பாதி உண்மை. மே மாதம் போபால் விலங்கு நோய் ஆய்வகத்தில் நெகட்டிவ் வந்தது சரிதான். ஆனால் கோழிக்கோடு மாவட்டம் பேராம்ப்ராவில், நோய் முதலில் தாக்கிய குடும்பத்தின் வீட்டுக் கிணற்றில் பிடித்தவை பூச்சி தின்னும் வௌவால்கள். நிபாவைச் சுமப்பது பழந்தின்னி வௌவால். அப்புறம் அந்தப் பகுதியில் பழந்தின்னிகளைப் பிடித்து, புனே தேசிய நச்சுயிரியல் நிறுவனம் சோதித்தபோது சிலவற்றில் வைரஸ் இருந்தது. முதல் முடிவை மட்டும் இன்னும் ஃபார்வர்டு செய்கிறார்கள்!

அரசைக் கேட்க வேறு கேள்வி இருக்கிறது. முதல் நோயாளிக்கு அடுத்து வந்தவர்களில் பெரும்பாலோருக்கு நோய் தொற்றியது மருத்துவமனைகளில்தான். பேராம்ப்ரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர் லினி இறந்ததும் அப்படித்தான். அதைக் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன்.