மோனோலாக் குரல் குறைந்த மினிலாக் அல்ல

மினிலாக், மோனோலாக் இரண்டும் கோர்க் நிறுவனத்தின் அனலாக் சிந்தசைசர்கள் (மின்னணு இசைக்கருவிகள்). குரல் என்பது ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஒரு சுரம்; மோனோ என்றால் ஒற்றைக் குரல். “கோர்க் மினிலாக்கில் மூன்று குரல்களைக் கழித்தால் மோனோலாக், அதனால் மினிலாக்கை வாங்கி மோனோ முறையில் வாசித்தால் போதும்” என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நம்பி யாராவது வாங்கிவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

இரண்டிலும் ஒரு குரலுக்கு இரண்டு ஆசிலேட்டர்கள் (ஒலியை உருவாக்குபவை), 16 படிகள் கொண்ட சீக்வென்சர் (சுர வரிசையைத் தானே வாசிப்பது) என்பது சரி. ஆனால் ஒலியின் உயர் அதிர்வெண்களை வடிகட்டும் ஃபில்டர் வேறு. மினிலாக்கில் 2-போல் (மென்மையாக வடிகட்டுவது), 4-போல் (கூர்மையாக வடிகட்டுவது) என்று மாற்றும் சுவிட்ச் இருக்கிறது. மோனோலாக்கில் 2-போல் மட்டும்தான், அதன் சுற்றும் வேறு. வடிகட்டல் தொடங்கும் புள்ளியான கட்-ஆஃபைப் பாதிக்குக் கீழே இறக்கி, அந்தப் புள்ளியில் ஒலியைத் தூக்கிக் காட்டும் ரெசொனன்ஸை ஏற்றி, ஒலியைச் சிதைக்கும் டிரைவ் குமிழை மெல்லத் திருப்பிப் பாருங்கள். பேஸ் ஒலி கரகரத்து முன்னே பாயும். மினிலாக்கில் அந்த டிரைவ் குமிழே கிடையாது. வழக்கமாக ஒலியை மெதுவாக அசைக்கப் பயன்படும் எல்.எஃப்.ஓ. (குறை அதிர்வெண் ஆசிலேட்டர்) மோனோலாக்கில் காதுக்குக் கேட்கும் அதிர்வெண் வரை வேகமெடுப்பதால் உலோகத் தன்மையுள்ள ஒலிகளும் கிடைக்கின்றன. அரைச்சுரத்துக்கும் நுட்பமான இடைவெளிகளை அமைக்கும் மைக்ரோ டியூனிங்கும் அதில் உண்டு. பேட்டரியிலும் இயங்கும்.

கார்டு (சேர்ந்து ஒலிக்கும் பல சுரங்கள்) வாசிப்பவருக்கு மினிலாக்தான் பொருத்தம், அதில் எனக்கு மறுப்பே இல்லை. நான்கு குரல்கள், 37 கட்டைகள், உள்ளேயே டிலே (எதிரொலி விளைவு). மோனோலாக்கில் டிலேயும் இல்லை, கட்டைகளும் 25தான். பேஸ், லீட் (முன்னணி மெட்டு) மட்டுமே வேண்டுமென்றால் நான் தயங்காமல் மோனோலாக்கையே சொல்வேன். விலை குறைவு என்பதற்காக அல்ல, அதன் ஒலிக்காக.