உண்மை விளக்கம்: உள்ளியை (வெள்ளைப்பூண்டை) கழுவி வெயிலில் காயவிடலாமா?

"பிடுங்கிய அன்றே உள்ளியைக் கழுவி, தாளை வெட்டி, உச்சி வெயிலில் ஒரு நாள் காயவிட்டால் ஒரு வருடம் கெடாது, கொழும்பில் எந்தத் தொட்டியிலும் விளையும்" என்றொரு குறிப்பு வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இரண்டும் தவறு.

கழுவிய ஈரம் தோலுக்கடியில் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். கடும் வெயிலோ பல்லை வேகவைத்து, மஞ்சளாக்கிக் குழையச் செய்யும். மாதக்கணக்கில் வளர்த்ததை இப்படிப் பாழாக்காதீர்கள்! மண்ணைக் கையால் உதிர்த்தாலே போதும். தாளோடும் வேரோடும் நிழலில், காற்றோட்டமாக 2 முதல் 4 வாரம் தொங்கவிடுங்கள். பிறகு தாளும் குமிழும் சேரும் கழுத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் பொறுங்கள். காகிதம்போல் சரசரத்தால் வெட்டலாம். மலையகத்து உறவினர் தோட்டத்திலிருந்து பச்சையாகக் கொழும்பு வெள்ளவத்தைக்கு வரும் உள்ளிக்கு, இந்தக் கடற்காற்றின் ஈரப்பதத்தில், மின்விசிறியும் தேவை என்பேன். பொலித்தீன் பையில் கட்டவே வேண்டாம்.

அடியிலைகள் சில காய்ந்து, மேலே ஐந்தாறு பச்சையாக நிற்கும்போதே பிடுங்க வேண்டும். தாமதித்தால் மண்ணுக்குள்ளேயே தோல் வெடித்துப் பற்கள் பிரியும்.

தொட்டி விடயம்: குமிழ் திரண்டு பற்களாகப் பிரிய உள்ளிக்குக் குளிர் வேண்டும். நுவரெலியாவின் குளிர் கொழும்பில் இல்லை. இங்கே தொட்டியில் நட்டால் பச்சைத் தாள் கிடைக்கும். அதை நறுக்கி முட்டைப் பொரியலில் தாராளமாகப் போடலாம்.