மழையை மட்டும் திட்டி என்ன பிரயோசனம்?

2025 நவம்பரில் இலங்கைக்கு டிட்வா புயல் வந்து பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தபோது எல்லாரும் மழையைத்தான் திட்டினோம். சாதாரண மழையில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மலையகத்துக்கு மழை புதுசா? விழுந்த தண்ணீர் இறங்கிப் போகிற வழியை அடைத்தது யார் என்பதுதான் என் கேள்வி.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குக் கான் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்கே லேசான வாட்டத்தோடு வெட்டிவிடுகிற வாய்க்கால். ஓடி வருகிற மழைத் தண்ணீரை மடக்கி, வேகத்தைக் குறைத்து, பக்கத்து ஓடையில் கொண்டுபோய் விடும். கான் வெட்டுவதற்கென்றே ஆள் போடுவார்கள். வெள்ளைக்காரத் துரை நம்மீது பாசம் வைத்து இதைச் செய்யவில்லை. மண் போனால் தேயிலையும் போய்விடும் என்ற பயம். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. அப்புறம் எத்தனை கிலோ கொழுந்து என்பதுதான் பேச்சு. கான் இருந்த எத்தனையோ இடங்களில் இப்போது மானாப்புல் மண்டிக் கிடக்கிறது.

இதற்கு மேல் அபிவிருத்தி வேறு. சுற்றுலாக்காரர் குவிகிற எல்ல என்ற ஊர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். சரிவைச் செங்குத்தாகச் சீவி, அதன் விளிம்பில் ஹோட்டல். முற்றம் முழுக்கக் கொங்கிரீட். பரவலாக மண்ணில் ஊறவேண்டிய தண்ணீர் ஒரு குழாயில் சேர்ந்து, கீழே இருக்கிற காணிக்குள் கொட்டுகிறது. மேலே இருப்பவருக்கு வியூ, கீழே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், இருப்பவருக்கு வெள்ளம்.

ஹோட்டல்காரரை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. வெலிமடைப் பக்கத்து உருளைக்கிழங்குத் தோட்டங்களில் நம்ம ஆட்களும்தான் விவசாயம் செய்கிறார்கள். அங்கே கழுவப்படுகிற மண் உமா ஓயா ஆற்றின் வழியாக ரந்தம்பை நீர்த்தேக்கத்தில் போய்ப் படிகிறது. அதே உமா ஓயாவின் தண்ணீரைத் தென்கிழக்குக்குத் திருப்பச் சுரங்கம் தோண்டியபோது, பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்களில் வெடிப்பு விழுந்தது. 120 மெகாவாட் மின்சாரம், வறண்ட நிலங்களுக்குப் பாசனம் – நாட்டுக்குத் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் கிணறு வற்றியவனின் கணக்கை அந்தத் திட்டச் செலவில் யார் சேர்த்தார்கள்?

மீரியபெத்தைத் தோட்டத்து மண்சரிவை மறந்திருக்க மாட்டீர்கள். 2014 ஒக்டோபர் 29, காலை நேரம். அது ஆபத்தான இடம் என்று அதிகாரிகள் முன்பே எச்சரித்திருந்தார்கள். எழும்பிப் போ என்றால் எங்கே போவது? சொந்தமாக ஒரு துண்டுக் காணி இல்லாதவனிடம் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து என்ன செய்ய? இதைக்கூடப் புரிந்துகொள்ளாமல், ‘சொன்னால் கேட்பதில்லை’ என்று தொலைக்காட்சியில் நியாயம் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மண்சரிவு ஆபத்துள்ள மாவட்டங்களில் வீடு கட்டுவதென்றால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு வேண்டும். சரி, நல்லது. கட்டிடம் நிற்குமா என்று பார்ப்பதோடு, அதிலிருந்து வெளியேறும் தண்ணீர் யார் தலையில் இறங்கும் என்பதையும் வரைபடத்தில் கேளுங்கள். பிரதேச சபை கையெழுத்துப் போடுவதற்கு முன் கீழ் லயத்து ஆட்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கட்டும். தோட்டக் கம்பனிகளுக்குக் குத்தகை நீடிப்பதென்றால், கான் துப்புரவாக்குவதை நிபந்தனையாகப் போடட்டும். நமக்கு வீடு கட்டத் துண்டுக் காணி தருகிறோம் என்று வருகிறவர்களிடம், அது எந்தச் சரிவில் என்பதை நாமும் முதலில் கேட்போம்.