வடலூருக்கு முன்னால் ஏழுகிணறு

வள்ளலார் வாழ்ந்த ஊர்களுக்குக் குடும்பத்தோடு காரில் போய்வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் மருதூரில் தொடங்கி கருங்குழி, வடலூர், மேட்டுக்குப்பம் என்று முடித்துவிட்டீர்கள். நடுவில் முப்பது வருஷத்துக்கு மேல் அவர் இருந்தது எங்கள் வடசென்னையில்தானே! திருவொற்றியூர்க்காரனாக இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1823இல் மருதூரில் பிறந்தவர் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட, குடும்பம் சென்னைக்கு வந்தது. ஏழுகிணறு வீராசாமி பிள்ளை தெருவில் அவர் வளர்ந்த வீடு இருக்கிறது. பக்கத்திலேயே கந்தகோட்டம் முருகன் கோயில். ‘ஒருமையுடன் நினது திருமலரடி’ என்று நம் வீடுகளில் பாடுவது அந்த முருகனைப் பார்த்துப் பாடியதுதான். அப்புறம் திருவொற்றியூர். ஏழெட்டு கிலோமீட்டர் தூரம், அடிக்கடி நடந்தே வருவாராம். இங்குள்ள கோயிலின் வடிவுடையம்மன் மேல் தனியாக ஒரு மாலையே பாடியிருக்கிறார். கோயிலுக்கு வந்தால் கடற்கரையில் பட்டினத்தார் சமாதியையும் பார்த்துவிடலாம்.

இந்தப் பகுதிக்குக் கார் வேண்டாம். ஏழுகிணறு சந்துகளில் சரக்கு வண்டிகளுக்கு நடுவே திணறுவீர்கள். மண்ணடி வரை மெட்ரோ, அங்கிருந்து ஆட்டோ. பிறகு திருவொற்றியூர் தேரடிக்கும் மெட்ரோவே போகிறது. பிள்ளைகளுக்கு அதுவே குஷி.

வடலூரில் 1867இல் மூட்டிய, பசித்தவர்களுக்குச் சோறு போடும் தருமசாலையின் அடுப்பு இன்னும் எரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். அங்கே நீங்கள் சாப்பிட்டீர்களா, இல்லையா? அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே! தைப்பூசத்தன்று ஏழு திரை நீக்கிய ஜோதி தரிசனம் பார்க்க ஆசைதான். சிறுபிள்ளைகளோடு அந்தக் கூட்டத்தில் சமாளிக்க முடியுமா என்று யாராவது சொல்லுங்கள்.