விரலுக்கு எட்டாத ட்ரிகர்

ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்த படத்தைப் பற்றித்தான்: ஒரு பிள்ளை, கையில் புது ஏர் பிஸ்டல், அதாவது 10 மீற்றர் போட்டியில் காற்றழுத்தத்தால் சுடும் பிஸ்டல். அதற்குக் கீழே நான் எழுதியது ஒரே ஒரு வரி: "பிடி பிள்ளையின் கைக்குப் பெரிது, மாற்றிக் கொடுங்கள்." அதற்கு வந்த பதில்களை நீங்களும் வாசித்திருப்பீர்கள். பொறாமையாம். "உங்களுக்கு ஏன் எரியுது?" என்றார் ஒருவர். ஐரோப்பாவில் செய்த ஒலிம்பிக் தரப் பிஸ்டலுக்கு வெள்ளவத்தையில் இருந்துகொண்டு குறை சொல்ல நான் யாராம்.

சரி, நான் யாருமில்லை. படத்தை மட்டும் பெருப்பித்துப் பாருங்கள்.

பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உள்ள கவட்டில் பிடியின் மரம் உட்காரவில்லை, வெளிச்சம் தெரிகிறது. உள்ளங்கையைத் தாங்க வேண்டிய கீழ்த்தட்டு, கைக்கு ஒரு விரல் அகலம் கீழே சும்மா தொங்குகிறது. சுட்டுவிரலோ முழுவதும் நீண்டு, நகத்தின் ஓரத்தால் மட்டும் ட்ரிகரைத் தொடுகிறது. அந்த விரலின் அடிக்கணு மரத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. நாலு பிழை, ஒரே படத்தில்.

விரல் நுனியால் இழுத்தால் ட்ரிகர் நேரே பின்னுக்கு வராது, பக்கவாட்டில் தள்ளும். வலக்கைப் பிள்ளைக்குக் குண்டு இடப்பக்கம் போகும். விரல் மரத்தில் ஒட்டியிருந்தால் ஒவ்வொரு இழுப்பிலும் பிஸ்டலும் சேர்ந்து அசையும். "கொஞ்சம் அசைந்தால் என்ன?" என்று கேட்பவர்கள் கணக்கைப் பாருங்கள். குறிபார்க்கும் முன் சைட்டுக்கும், நடுவில் பள்ளம் உள்ள பின் சைட்டுக்கும் இடையே 320 மில்லிமீற்றர் என்று வையுங்கள். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்குள் அரை மில்லிமீற்றர் பக்கத்துக்கு விலகினால், 10 மீற்றரில் குண்டு 15 மில்லிமீற்றருக்கு மேல் விலகும். இலக்கின் நடுவில் பத்துப் புள்ளி தரும் வட்டம் முழுவதுமே குறுக்காக 11.5 மில்லிமீற்றர்தான். ஆகப் பத்து போய், ஒன்பதின் ஓரத்தில் தொட்டும் தொடாமலும் ஒரு துளை. அதே நேரம் சைட் இரண்டும் நேராக இருந்து, கை மட்டும் முழுதாக 5 மில்லிமீற்றர் ஆடினால் குண்டும் 5 மில்லிமீற்றர்தான் விலகும், பத்துக்குள்ளேயே நிற்கும். கை ஆடுவது எல்லாருக்கும் உள்ளது. மணிக்கட்டு வளைந்து சைட் விலகுவதுதான் கொல்லும். அதைத் தடுப்பதற்குத்தான் பிடி இருக்கிறது.

இதைத்தான் சொன்னேன். பிஸ்டலைத் தேர்வது என்பது முதலில் பிடியைத் தேர்வது. பெயரை அல்ல.

ஸ்டெயர், மொரினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ், பார்டினி, இதில் எதை வேண்டுமானாலும் எடுங்கள். ஒத்துப்போகும் பெலட்டை, அதாவது சின்ன ஈயக் குண்டைப் போட்டு, இடுக்கியில் இறுக்கிச் சுட்டால் எல்லாமே பத்தின் வட்டத்துக்குள்தான் போடும். இயந்திரத்தின் துல்லியம் என்றைக்கோ தீர்ந்த கதை. தீராதது உங்கள் கைக்கும் அந்த மரத்துக்கும் உள்ள வழக்கு. சப்பாத்து வாங்கப் போனால் காலில் போட்டு, கடைக்குள் நாலடி நடந்து பார்க்கிறோம். பிஸ்டலுக்கு மட்டும் படத்தைப் பார்த்துக் காசு அனுப்புகிறோம். விற்றவர் கை அளவைக் கேட்டாரா என்று விசாரித்தேன். கேட்கவில்லையாம். அது யார் என்று இங்கே எழுதமாட்டேன், கேட்காதீர்கள்.

பரீட்சிப்பது கஷ்டமில்லை. முதலில் பிஸ்டலுக்குள் குண்டு இல்லையா என்று பாருங்கள், பிறகு இலக்கின் பக்கம் மட்டும் நீட்டுங்கள். மற்றக் கையால் குழலைப் பிடித்து, பிஸ்டலைச் சுடும் கையின் கவட்டுக்குள் ஆழமாகத் தள்ளி, விரல்களை ஒவ்வொன்றாக மடியுங்கள். கீழ்த்தட்டை உள்ளங்கையின் அடியைத் தொடும் வரை உயர்த்துங்கள், நசுக்கும் வரை அல்ல. இறுக்கினால் பத்து நிமிடத்தில் விரல் மரத்துப்போகும். இப்போது கண்ணை மூடி, கையை உயர்த்தி, இரண்டு மூச்சு விட்டு, கண்ணைத் திறவுங்கள். முன் சைட் பள்ளத்தின் நடுவில் நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் விலகி நின்றால் பிடி பிழை. பள்ளத்துக்கு மேலே உயர்ந்தோ கீழே தாழ்ந்தோ நின்றால் பிடியின் சாய்வு பிழை. பத்துத் தடவை செய்து பாருங்கள். மணிக்கட்டை வளைத்துச் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள். முதல் பத்துக் குண்டுக்கு வளையும், ஐம்பதாவதுக்கு வளையாது. போட்டி 60 குண்டு, 75 நிமிடம்.

சின்னக் குறைக்கு மரப் புட்டி போதும், இரண்டு பகுதியைக் கலந்து பூசும் வகை. இடைவெளி உள்ள இடத்தில் அப்பி, மெல்லிய பொலித்தீனை மேலே போட்டு, கையால் பிடித்து அச்செடுத்து, இறுகியதும் உப்புத்தாளால் தேய்க்கலாம். கொழும்பு வெக்கையில் அதன்மேல் வார்னிஷ் மட்டும் பூச வேண்டாம், வியர்வையில் வழுக்கும். அப்பிக்கொண்டே போகும்போது ஒரு நினைப்பு: விதிப்படி 10 மீற்றர் பிஸ்டல் 420 நீளம், 200 உயரம், 50 தடிப்பு மில்லிமீற்றர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். பெருவிரல் மேட்டைத் தடிப்பாக்கி அந்த 50 ஐத் தாண்டிவிட்டு, போட்டிக் காலையில் உபகரணச் சோதனை மேசைக்கு முன்னால் நின்று உப்புத்தாள் தேடும் ஆக்கள் இருக்கிறார்கள். மணிக்கட்டைத் தாங்கும்படி மரத்தை நீட்டினாலும் விடமாட்டார்கள்.

"ட்ரிகரைப் பின்னுக்கு நகர்த்தினால் விரல் எட்டும்தானே?" என்று ஒரு அண்ணா கேட்டிருந்தார். மரியாதையாகக் கேட்டதால் மரியாதையாகவே பதில். விரல் எட்டும் அண்ணா. கவடு உட்காராது. ட்ரிகர் திருகாணிகள் பிடி சரியானதற்குப் பிறகுதான். 10 மீற்றரில் ட்ரிகர் குறைந்தது 500 கிராம். சோதனையில் குழலை நேர் மேலே நிறுத்தி, எடையை ட்ரிகரில் தொங்கவிட்டுத் தூக்குவார்கள், மூன்று தடவைக்குள் தூக்க வேண்டும். அதனால் வீட்டில் சரியாக 500 இல் வைக்காதீர்கள், 510, 520 இல் வையுங்கள். ட்ரிகர் இரண்டு கட்டமாக வரும்: முதலில் நகர்ந்து ஒரு இடத்தில் தட்டி நிற்கும், பிறகு இன்னும் கொஞ்சம் இழுத்தால் சுடும். அந்த எடையில் பெரும் பங்கை முதல் கட்டத்துக்குக் கொடுங்கள், 350 அல்லது 400. மிச்சம் இரண்டாவது கட்டத்துக்கு. புதிதாகப் பழகும் பிள்ளைக்கு இரண்டாவது கட்டம் தெளிவாக, ஒரு சுவரைத் தொட்டது மாதிரித் தெரிய வேண்டும். அது தெரியாவிட்டால் பயத்தில் வெடுக்கென்று இழுக்கும். பிறகு "மனசு குவியவில்லை" என்று பிள்ளைக்கு ஏச்சு.

அடுத்தது, எல்லாரும் கைதட்டிய பதில்: "பிள்ளை வளரும்தானே, இப்ப பெரிசா வாங்கினா பிறகு சரியாகும்." வளரும். பள்ளிச் சீருடை அப்படித்தான் வாங்குகிறோம், ஓரத்தை மடித்துத் தைக்கலாம். மரத்தை எங்கே மடிக்கிறது? பிடி தனியாகக் கழன்று வரும் உறுப்பு. அதே பிஸ்டலுக்குச் சின்னது, நடுத்தரம், பெரிது என்று தனித்தனியாக விற்கிறார்கள், முழுப் பிஸ்டலின் விலையில் அது சிறு பங்கு. இப்போது சின்னது, மூன்று வருடத்தில் நடுத்தரம். அதற்கிடையில் பிழையான பிடியில் ஆயிரக்கணக்கில் சுட்டுப் பழகிய விரலை எந்தக் கடையில் மாற்றுவீர்கள்? எடையும் இதே கதைதான். விதி 1500 கிராம் வரை விடுகிறது என்பதற்காக அதைத் தூக்க வேண்டுமென்றில்லை. வழமையான போட்டிப் பிஸ்டல் கிட்டத்தட்ட ஒரு கிலோ. சின்னப் பிள்ளைகளுக்கென்று அதைவிட இலேசான, குழல் குட்டையான வகைகளே வருகின்றன. ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை அந்த ஒரு கிலோவை நீட்டிய கையில், பயிற்சிக் குண்டுகளோடு சேர்த்து, நூறு தடவைக்கு மேல் உயர்த்த வேண்டும். முடியாதபோது இடுப்பைப் பின்னுக்கு வளைத்து முதுகால் தூக்கும். அந்தப் பழக்கத்தைப் பிறகு மாற்றுவது கஷ்டம்.

துருக்கிக்காரரின் படத்தைப் போட்டவர்களுக்கு. ஆம், யூசுப் டிகெச். 2024 பாரிஸ் ஒலிம்பிக், 10 மீற்றர் ஏர் பிஸ்டல் கலப்பு அணியில் வெள்ளி. "ஒண்டும் இல்லாமல் வந்து வென்றவர்" என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டைப்பைக்குள் இருக்கும் கையைத்தான் உலகமே பார்த்தது. மற்றக் கையைப் பாருங்கள். அதில் இருப்பது சந்தையில் வாங்கிய விளையாட்டுத் துவக்கு அல்ல, முழுப் போட்டிப் பிஸ்டல், பிடி கையோடு முளைத்தது மாதிரி. அது அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக். பைக்குள் கையை விடுவதும் திமிர் இல்லை, அந்தத் தோள் ஆடாமல் இருக்கப் பலரும் செய்வது. நீங்கள் போட்ட படம் என் பக்கத்துச் சாட்சி, நன்றி.

"கிளொக் வாங்கிக் குடுங்கோ" என்ற தம்பிக்குச் சுருக்கமாக: அது வேறு ஆட்டம். கிளொக் வெடிமருந்துக் குண்டு சுடும் கைத்துவக்கு, ஐ.பி.எஸ்.சி. என்ற, நகர்ந்து நகர்ந்து வேகமாகச் சுடும் போட்டிக்கு உரியது. அங்கே நேரமும் புள்ளி. இங்கே ஒரு கை, ஒரு குண்டு, காற்று. இரண்டையும் குழப்பாதீர்கள். உரிமம், இறக்குமதி அனுமதி எதுவானாலும் துப்பாக்கிச் சுடும் கழகத்தின் ஊடாக, காசு கட்டுவதற்கு முன்னால்.

எலக்ட்ரோனிக் ட்ரிகர்தான் சிறந்ததா என்று கேட்டவருக்கு: இழுப்பு இனிமைதான், மறுக்கவில்லை. ஆனால் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவிலேயே பழுதாகி நிமிடக்கணக்கில் நேரம் போனது, இறுதிக்கு வரவில்லை. மூன்று வருடம் கழித்து பாரிஸில் இரண்டு வெண்கலம். அவருக்கே அப்படியென்றால், ஒரு சின்ன ரப்பர் வளையம் தேய்ந்தாலும் ஐரோப்பாவிலிருந்து பார்சல் வரும்வரை காத்திருக்கும் நமக்கு? கொழும்பில் இருந்து வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது "யாரிடம் உதிரிப்பாகம் இருக்கிறது" என்பதைத்தான். கழகத்தில் ஏற்கெனவே நாலு பேர் பாவிக்கும் வகையை எடுத்தால் வளையமும் கிடைக்கும், காற்று நிரப்பும் இணைப்பும் கிடைக்கும், திருத்தத் தெரிந்த ஒரு கையும் கிடைக்கும். ஏற்கெனவே பாவித்ததை வாங்கினால் காற்றுச் சிலிண்டரில் பொறித்த திகதியைப் பாருங்கள். பத்து வருடத்துக்கு மேல் போட்டியில் விடமாட்டார்கள். டைவிங் சிலிண்டரில் இருந்து 200 பார் வரை நிரப்பலாம். கம்பிரசரின் வடிகட்டி பழையதென்றால் காற்றோடு ஈரமும் உள்ளே போகும், துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

இவ்வளவும் எழுதிய பிறகும் "பொறாமை" என்றுதான் வரும், தெரியும். அந்தப் பிள்ளை நன்றாகச் சுட வேண்டும் என்று நினைத்ததற்குப் பெயர் பொறாமை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்தப் படத்தில் ஒருவராவது பிள்ளையின் கையைப் பார்த்தீர்களா? எல்லாரும் பெட்டியில் எழுதியிருந்த பெயரைத்தான் வாசித்தீர்கள். நாளைக்குப் புள்ளி குறைந்தால் அந்தப் பெயருக்கு ஒன்றும் ஆகாது. பேச்சு வாங்கப் போவது பிள்ளை.

கீழே பதில் எழுத வருகிறவர்கள் முதலில் ஒரு அடிமட்டத்தை எடுத்து, பிள்ளையின் உள்ளங்கையை அகலவாக்கில், பெருவிரலை விட்டுவிட்டு அளந்து, மில்லிமீற்றரில் எழுதுங்கள். அந்த எண் இல்லாத பதில்களுக்கு நான் பதில் போடப்போவதில்லை.